கல்யாணப் படங்களும் பொய்க் கம்பியூட்டரும்

தூரத்தில் கிடக்கிற ஃபைலைப் பக்கத்தில் இருப்பதுபோல் காட்டித் தருவது எங்கள் தொழில்; நன்றாகக் காட்டிவிட்டால், அது பக்கத்திலேயேதான் இருக்கிறது என்று நம்பிவிடுவது வாடிக்கையாளர் தொழில். இதே வேலையில் மாட்டிக்கொண்டு முழிக்கிற அன்பர்களே, என் வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் கேளுங்கள்.

மெய் இருக்கும்போது பொய் எதுக்கு

கண்டி டவுனில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. முதலாளி நஸீர் நானா. தெல்தெனியவில் ஒரு கிளை வைத்திருக்கிறார். கண்டிக் கம்பியூட்டரில் இருக்கிற கல்யாணப் படங்களை அங்கே இருந்தபடியே திறந்து ஆல்பம் செய்ய வேண்டுமாம். கண்டி ஃபோல்டர் தெல்தெனியக் கம்பியூட்டரில் இன்னொரு டிரைவாகத் தெரியும்படி செய்தால் போதும்.

முதலில் ஒரு கண்டெய்னரில் சோதித்துப் பார்க்கிறேன் என்றேன். அது எங்கள் ஆபீஸில் எல்லோரும் பாவிக்கிற கம்பியூட்டருக்குள்ளேயே ஓடுகிற ஒரு பொய்க் கம்பியூட்டர். வெளியிலிருந்து அதற்கு கனெக்ஷன் கொடுத்து, ஃபோல்டரைத் திறந்து, பாதியில் லைனை அறுத்து, வேண்டுமென்றே அழித்தெல்லாம் பார்க்கலாம். நாசமானாலும் யாருக்கும் நட்டமில்லை. இதையெல்லாம் வாய் வலிக்க விளக்கி முடித்த பிறகு மனுசன் கேட்டார்: "மெய்க் கம்பியூட்டர் ஈக்கிதானே தங்கச்சி, பொய்யில பாத்து என்னத்துக்கு?"

பேர் வைத்து வளர்த்தது

வெறும் எழுத்து ஃபைலை வைத்துச் சோதித்தால் எல்லாம் ஒழுங்காக ஓடுகிற மாதிரித்தான் தெரியும். பாரமான படங்கள் வேண்டும். நானா அப்போதுதான் எடுத்து முடித்த கலகெதர ஊர்க் கல்யாணம் ஒன்றின் படங்களை முழுசாகத் தந்தார். பொண்ணு கல்யாணம் முடிந்த கையோடு மாப்பிள்ளையுடன் கட்டாருக்குப் போய்விட்டாள். ஒரே பிள்ளை. உம்மாக்காரி ஆல்பம் எப்போது, எப்போது என்று கோல் எடுத்தபடி இருக்கிறாராம்.

எங்கள் ஆபீஸில் சிவா அண்ணை என்று ஒருத்தர், யாழ்ப்பாணத்துக்காரர். இடம் போதாவிட்டால் கண்ணில் படுகிற கண்டெய்னரையெல்லாம் துடைத்துவிடுவார். நான் சாப்பாட்டுப் பார்சல் வாங்கக் கீழே இறங்கி ஏறுவதற்குள் என்னுடையது போயே போச்சு! வந்த ஆத்திரத்தில் பார்சலைப் பிரிக்கவே மனம் வரவில்லை. நானாவிடம் போய் அசடு வழிந்து, படங்களைத் திரும்ப வாங்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்டி, 'தொடாதே' என்று பெயரும் வைத்தேன். அண்ணை சிரித்தார்: "கண்டெய்னர் எண்டா அழிக்கத்தானே பிள்ளை, அதுக்குப் பேர் வைச்சு வளக்கிறியோ?"

நம்பிக்கை

சோதனையில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. தெல்தெனியவில் அழித்தால் கண்டியில் இருக்கிற அசலே போய்விடும். குப்பைத் தொட்டியில்கூட நிற்காது. கிளைக்குப் பார்க்கவும் பிரதி எடுக்கவும் மட்டும் அனுமதி கொடுப்போம், இன்னொரு இடத்தில் ஒரு பிரதியும் வைப்போம் என்று நானாவிடம் தலைகீழாக நின்று பார்த்தேன். அசைந்தாரா? சோதனை முடியும் முன்பே மெய்க் கம்பியூட்டரை முழு அனுமதியோடு இணைக்க வைத்துவிட்டுத்தான் விட்டார். "நம்மட புள்ளையள நம்பாம நாம கட நடத்தேலுமா?"

வெள்ளிக்கிழமைச் சுத்தம்

தெல்தெனியக் கிளையில் மலர் என்று ஒரு பிள்ளை. வெள்ளிக்கிழமை காலையில் கடையைக் கூட்டிக் கழுவி, சாமி படத்துக்குப் பூ வைத்து, அந்தக் கையோடு கம்பியூட்டரையும் சுத்தம் பண்ணுவாள். அப்படிப் பண்ணும்போதுதான் புது டிரைவில் கலகெதரக் கல்யாணம் இடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பதைப் பார்த்திருக்கிறாள். எல்லாம் நடந்து முடிந்த பிறகு நான் கேட்டபோது போனில் சொன்னாள், கொஞ்சங்கூடப் பதற்றமில்லாமல்: "அதான் கண்டியில ஒண்ணு இருக்குதே அக்கா, இங்க எதுக்கு ரெண்டாவதுன்னுதான் அழிச்சேன்."

உம்மா வந்த நாள்

நானா கோல் எடுத்தார். கலகெதர உம்மா கடைக்கே வந்து கதிரையில் உட்கார்ந்திருக்கிறார், படங்களைக் காணோம், கமரா கார்டில் வேறு கல்யாணம் ஏறிவிட்டது, என்ன சொல்லட்டும் என்கிறார். இனி அந்தப் படங்கள் இருக்கிற ஒரே இடம் என் பொய்க் கம்பியூட்டர்தான். ஆபீஸ் படிகளில் ஓடி ஏறினால், அங்கே சிவா அண்ணை இடம் போதவில்லை என்று துடைக்க உட்கார்ந்திருக்கிறார்! "கையை எடுங்க அண்ணே!" என்று நான் கத்தியதில் பக்கத்து ஆபீஸ்காரரே எட்டிப் பார்த்தார்.

படங்கள் இருந்தன, எல்லாமே இருந்தன. கொண்டுபோய்க் கடையில் திறந்து காட்டினேன். உம்மா திரையில் மகளின் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற நானா நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். ஒரு நன்றி வரும் என்றுதான் நினைத்தேன். "பாத்தீங்களா தங்கச்சி, ஒண்டுமே காணாமப் போகல்ல, இதுக்குப் போய் சோதன சோதனண்டு எவ்வளவு நாள வீணாக்கினீங்க!"

கெட்டுப்போனால் நாம் குற்றவாளி, கெடாமல் காப்பாற்றினால் நாம் வெட்டி ஆள், இதற்கு நடுவில்தான், அன்பர்களே, நம் பிழைப்பு ஓடுகிறது.