உடைந்த போல்ட்டும் அக்கா மேல் விழுந்த பழியும்

என் மேசை இழுப்பறையில் உடைந்த போல்ட்டு ஒன்று கிடக்கிறது. அதில் மாட்டிய நட்டு இன்றுவரை கழலவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் பெரியப்பா மேல் வருகிற கோபம், அவர் போய் இத்தனை காலம் ஆகியும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

அறுபதுகளின் கடைசி. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருக் கோயிலுக்குச் சின்னதாக ஒரு குளம் இருந்தது. பெரியப்பாதான் தர்மகர்த்தா, தறிகள் வைத்து நடத்தியவர். வாலாஜாபாத் அரிசி மில்லில் பிட்டராக இருந்த என்னைக் கூப்பிட்டுத் தெப்பம் கட்டச் சொன்னார். காலி டிரம்களின் மேல் பலகை பரப்பி, மூன்று துண்டுகளாகச் செய்து, தண்ணீரில் இறக்கி ஒன்றாகச் சேர்க்க வேண்டும். பலகைகளுக்குத் துரு பிடிக்காத, துத்தநாகம் பூசிய போல்ட்டும் அகலமான வாஷரும் எடுத்தேன். துண்டுகளைச் சேர்க்க மட்டும் சங்கிலி கேட்டேன். தண்ணீர் அசையும்போது துண்டுகளும் கூடவே கொஞ்சம் அசைந்தால்தான் மூட்டு தாங்கும்.

பெரியப்பாவுக்கு அது ஆகவே ஆகவில்லை. வாழ்நாளெல்லாம் தறிக்கான பாவு நூலைத் தெருவில் நீட்டி இழுத்துக் கட்டியவர். தொய்வு என்றாலே அவருக்கு மானக்கேடு. "சாமி உக்கார்ற எடம் ஆடிக்கினா இருக்கும்? பாவு மாரி விறைப்பா நிக்கணும்பா" என்றார். உடையும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "மில்லு வேலைய மில்லோட வெச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு, தறியாட்களை விட்டு மூட்டு போல்ட்டுகளை நட்டு கிறீச்சிடும்வரை இறுக்க வைத்தார்.

அதற்கு முன்பே, கரையில் நான் பலகை பொருத்தியபோது, மேலே ஒருவர் போல்ட்டின் தலையைப் பிடித்தால்தான் கீழே நட்டை முறுக்க முடியும் என்று தவித்தேன். ஆட்கள் யாரும் இல்லை. கஞ்சி கொண்டுவந்த என் அக்காதான் பலகை மேல் ஏறி ஸ்பானரைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான மறுவருஷமே புருஷனை இழந்து வீட்டோடு வந்தவள். பெரியப்பாவின் தறிகளுக்கு நூல் சுற்றிப் பிழைத்தவள். அவள் பலகையில் நின்றதைத் தெரு பார்த்தது.

திருவிழா அன்று தெப்பம் இரண்டாவது சுற்று வரும்போது, ஆரத்தி பார்க்க மேலே இருந்தவர்கள் ஒரே பக்கம் நெருக்கினார்கள். மூட்டு போல்ட்டுகள் பட்பட்டென்று தெறித்தன. நடுத்துண்டு சாய்ந்து, குருக்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று உற்சவரைத் தாங்கிப் பிடித்தார். அக்கா பிடித்துக் கொடுத்த பலகைகளில் ஒன்றுகூட அசையவில்லை. உடைந்த போல்ட்டைத் தண்ணீரிலிருந்து எடுத்து எல்லோர் முன்னாலும் காட்டினேன். பெரியப்பா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தாலியில்லாத காலு பட்டா வேற இன்னாபா ஆவும்?" என்றார். தெருவே தலையாட்டியது! கல்யாணக் கூறைப்புடவைக்கு அவள் கை பட்ட நூல் வேண்டாம் என்று பெரியப்பாவின் தறியிலிருந்து மறுநாளே சொல்லியனுப்பினார்கள். காஞ்சிபுரத்தில் கூறைப்புடவை நூல் போனால் பிறகு என்ன மிச்சம்?

அடுத்த வருஷம் தெப்பத் திருவிழா வந்தது. மூன்று துண்டுகளுக்கும் நடுவே புதுச் சங்கிலி. பெரியப்பாவே நின்று மாட்டச் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் அந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். அக்கா முறத்தை விட்டுத் தலை நிமிரவில்லை.

"போல்ட்ட மாத்திட்டாரு. என் மேல போட்டத எப்போ மாத்துவாருன்னு கேட்டியாபா?"

கேட்டேன். கோயில் வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

போன வாரம் அவர் பேரன் வந்திருந்தான். விழா மலருக்குப் பழைய போட்டோ வேண்டுமாம். "தாத்தா கண்டுபுடிச்ச சங்கிலித் தெப்பம் பத்தி எழுதறோம் சித்தப்பா" என்றான். இழுப்பறையைத் திறந்து போல்ட்டை அவன் கையில் வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். நட்டைத் திருகிப் பார்த்துக்கொண்டே கேட்டான். பிறகு அதை மேசை மேல் வைத்துவிட்டு, "பழசெல்லாம் இப்போ எதுக்கு சித்தப்பா?" என்றான்.

உள்ளறையில் அக்கா விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள்.