முதுகுப் பக்கத்து ஆணி

மூன்று வருடங்களுக்கு முன் திருச்சியில் தோட்ட வடிவமைப்பு படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தேன். வீடு ஸ்ரீரங்கம். துவாக்குடிப் பக்கம் இருந்த கல்லூரிக்கு பஸ்ஸில் போகும்போது, வழியில் தெரிகிற பூங்காக்களுக்கெல்லாம் மார்க் போட்டுக்கொண்டே போவேன். பாஸானவை குறைவு. அவ்வளவு தலைக்கனம்.

காட்டூரில் சாலையை அகலப்படுத்தியபோது ஒரு பெரிய பூவரச மரத்தை வெட்ட இருந்தார்கள். எங்கள் பேராசிரியர் அலைந்து திரிந்து அனுமதி வாங்கி, அதை வேரோடு கல்லூரிக்குக் கொண்டுவர ஏற்பாடு செய்தார். என்னிடம் கொடுத்தது ஒரே ஒரு வேலை: மரத்தின் வடக்குப் பக்கத்தில் பெயின்ட்டால் அடையாளம் போட வேண்டும். அந்தப் பக்கம் நிழல் பட்டே வளர்ந்த பட்டை மென்மையானது. புது இடத்தில் திசை மாற்றி வைத்தால் வெயிலில் வெந்துபோகும்; மரம் பிழைப்பது கஷ்டம்.

கைக்கு எட்டிய கிளையில் அழகாக ஒரு அம்புக்குறி வரைந்தேன். மறுநாள் கிளைகளைக் கழித்தார்கள். என் அம்புக்குறியும் விறகோடு விறகாகப் போனது. எனக்கு அது உறைக்கவே இல்லை.

கல்லூரியில் கிரேன் மரத்தைத் தூக்கியபோதுதான் உறைத்தது. காலை எட்டு மணி இருக்கும். வேர்மண்ணைச் சாக்கில் கட்டிய அந்த மொட்டை மரம் அந்தரத்தில் மெல்லச் சுழன்றது.

"எந்தப் பக்கம் வைக்கணும்? சீக்கிரம் சொல்லுங்க!" என்று கிரேன் ஓட்டுநர் கத்தினார்.

செல்போனில் மரத்தடியில் எடுத்த படங்களைத் தேடினேன். படங்களில் இலைகளும் என் முகமும்தான். குத்துமதிப்பாக ஒரு பக்கத்தைக் காட்டிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று தோன்றியது. கை பாதி எழுந்தும்விட்டது. தொங்கிக்கொண்டிருந்த மரத்தைப் பார்த்தேன், முடியவில்லை.

"தெரியலை சார்" என்றேன். பேராசிரியர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் வந்தார். அந்த மரத்தடியில் டீக்கடை வைத்திருந்தவர். சாலை வேலைக்காகக் கடையை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். மரம் எங்கே போகிறது என்று பார்க்க, லாரிக்குப் பின்னாலேயே பஸ் பிடித்து வந்திருக்கிறார்.

"பை மாட்டுற ஆணி ஒண்ணு இருக்கும் பாருங்க" என்றார். இருந்தது, துருப்பிடித்து, பட்டைக்குள் பாதி புதைந்து.

குழியருகே போய், அதற்கு முதுகைக் காட்டி நின்றார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் இப்படியும் அப்படியும் திரும்பினார்.

"பதினோரு வருஷமா இந்த மரத்துக்கு முதுகக் காட்டித்தாங்க டீ ஆத்துனேன். காலை வெயில் வலது கன்னத்துல அடிக்கும். இப்ப அடிக்குது. ஆணிய என் முதுகுக்கு நேரா கொண்டாங்க."

சார் திசைகாட்டியை எடுத்துப் பார்த்தார். அந்த அம்மா பார்த்து நின்றது மிகச் சரியாக வடக்கு. கிரேன் மெதுவாகத் திருப்ப, அத்தனை பெரிய மரம் அவருடைய முதுகைத் தேடி வந்தது. அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் குழியில் இறக்கினோம்.

இரண்டு மாதம் மொட்டையாகவே நின்றது. தினமும் தண்ணீர் ஊற்றிவிட்டு மன்னிப்புக் கேட்பேன். ஒரு காலையில், ஆணிக்குச் சற்று மேலே நகக்கண் அளவுக்கு ஒரு துளிர். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அன்றே காட்டூருக்கு ஓடினேன். சாலைக்கு எதிர்ப்புறம், ஒரு தார்ப்பாய்க்குக் கீழே வியர்க்க வியர்க்க டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

"வந்துருச்சா பாப்பா? நிழல் விழுந்ததும் சொல்லு, வந்து உக்காந்துட்டுப் போறேன்."

இன்று தோட்டம் அமைப்பதுதான் என் தொழில். எந்த இடத்துக்குப் போனாலும், இங்கே தினமும் யார் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார்கள் என்று விசாரிக்காமல், காகிதத்தில் ஒரு கோடு போடக்கூட எனக்குக் கை வருவதில்லை.