சீனி இல்லாத வீடு

தேநீர் குடிப்பதற்கு அப்துல் கனி ஒரு முறை வைத்திருந்தார். ஓலைக் கொட்டானிலிருந்து ஒரு கருப்பட்டியை எடுத்துப் பாக்குவெட்டியால் சில்லு சில்லாக வெட்டுவார். அதில் தோதான ஒரு துண்டை இடது கடைவாயில் ஒதுக்கிக்கொண்ட பிறகுதான் தம்ளரைத் தொடுவார். பாலும் கிடையாது, சீனியும் கிடையாது, கடுந்தேநீர். ஒவ்வொரு மடக்கும் அந்தத் துண்டின் மேல் ஏறி இறங்கிப் போகும். தேநீர் தீர்ந்து துண்டு மிச்சமிருந்தால் இன்னும் அரைத் தம்ளர் கேட்பார். துண்டு கரைந்து தேநீர் மிச்சமிருந்தால் இன்னொரு சில்லு எடுப்பார். இரண்டும் ஒன்றாகத் தீர்ந்த நாளை மருமகள் இர்பானா பார்த்ததில்லை.

அவள் இந்த வீட்டுக்கு வந்து பதினொரு வருஷம் ஆகிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கணவன் முபாரக்குக்குத் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. மாதத்தில் பாதி நாள் கடலில்தான். மாமனாரிடம் அவள் நேருக்கு நேர் பேசியதை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தக் குடும்பத்தில் அதுதான் வழக்கம். தலையில் முக்காடும் கண்ணில் தரையுமாக நடமாடுகிறவளுக்கு மனிதர்களின் முகங்களைவிடக் கைகால்கள்தான் அதிகம் தெரியும். மாமனாரின் கையைப் பார்த்தே அன்று கடையில் வியாபாரம் எப்படி என்று அவளால் சொல்லிவிட முடியும்.

அப்துல் கனி பத்தொன்பது வயதில் ராமநாதபுரத்துப் பக்கமிருந்து கப்பலேறி வந்தவர். போர்ட் பிளேர் பஜாரில் வாளி, கயிறு, பிளாஸ்டிக் குடம் விற்கும் கடை. வீடு மின்னி பே என்ற பகுதியில், கடலைப் பார்த்துச் சரியும் மேட்டில். உடம்பைப் பேணுவதில் அவருக்குப் பெரிய கர்வம். ஹோட்டலில் கை நனைக்க மாட்டார். பாட்டில் குளிர்பானத்தை அமிலம் என்பார். முதல் நாள் பிடித்த மீன் வீட்டுக்குள் வரக்கூடாது. கப்பல் தாமதமாகி மெயின்லேண்ட் காய்கறி வராத நாட்களில் மற்ற வீடுகள் உருளைக்கிழங்கோடு மல்லுக்கட்டும்போது, இவர் கொல்லையில் காய்த்த பப்பாளிக்காயைக் கூட்டு வைக்கச் சொல்லித் திருப்தியாகச் சாப்பிடுவார். அறுபது தாண்டிய பிறகும் பஜாரிலிருந்து வீடு வரை நடந்தே வந்தவர்.

எல்லாவற்றுக்கும் மேலே, அவர் வீட்டில் சீனி கிடையாது. வெள்ளைச் சீனி எலும்பை அரிக்கும் என்று எங்கோ கேட்டுவிட்டு அதைத் தலைமுழுகிப் பல வருஷம் ஆகிவிட்டது. மாமியார் சைனம்புவின் தம்பி சாயல்குடியிலிருந்து மாதம் தவறாமல் கருப்பட்டி அனுப்புவார். பத்து நாள் கப்பல் வராவிட்டால் பஜாரில் தக்காளி காணாமல் போகும், வெங்காயம் எட்டாத உயரத்துக்குப் போகும். அந்த வீட்டில் கருப்பட்டி மட்டும் தீர்ந்ததே இல்லை.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அவருக்குத் தலைசுற்றல் வந்தது. முபாரக் அப்போது கடலில் இருந்தான். சைனம்புவுக்கு முழங்கால் வலி. ஆகவே மருத்துவமனைக்கு இர்பானா கூடப் போனாள். டாக்டர் வடநாட்டுக்காரர், இளவயசு, வாசலில் நீண்ட வரிசை. ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, சர்க்கரை கூடியிருக்கிறது என்று இந்தியில் விளக்கினார். கடைசியில் மேசையை விரலால் தட்டி, “சீனி பில்குல் பந்த்” என்றார். சீனியை அறவே நிறுத்து என்பது அதன் பொருள்.

அப்துல் கனி சிரித்தார். நாற்பது வருஷத்துக்கு மேலாகத் தீவில் இந்தி பேசுகிறவர் அவர். அது மட்டுமில்லாமல் சீனி என்பது அவருடைய ஊர்ச் சொல்லும்கூட. ‘டாக்டர் சாப், எங்கள் வீட்டில் பல வருஷமாகச் சீனியே கிடையாது’ என்று பெருமையாகப் பதில் சொன்னார். டாக்டருக்கும் மகிழ்ச்சி. ‘பரேஜ்’ நன்றாக இருக்கிறது என்று, பத்தியத்தைப் பாராட்டிச் சீட்டில் எழுதினார். ஒரே சொல் இரண்டு பாஷையிலும் இருந்ததால் யாருக்கும் இன்னொரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த இர்பானாவுக்கு மட்டும் மாமனாரின் கடைவாயில் ஒதுங்கும் துண்டு நினைவுக்கு வந்தது. கருப்பட்டியைப் பற்றிச் சொல்லலாமா என்று நினைத்தாள். கருப்பட்டிக்கு இந்தியில் என்ன பெயர் என்று தெரியவில்லை. மாமனார் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசவும் முடியாது. படித்த டாக்டருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகிறது என்று எண்ணி அடங்கிவிட்டாள். அதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததுதான் வினோதம். டாக்டரே சீனியை எதிரி என்று சொல்லிவிட்டார் என்பதால் சைனம்பு மாதம் ஒரு கொட்டானாக வந்த கருப்பட்டியை இரண்டாக்கினாள். நோன்பு மாதத்துக் கஞ்சிக்குப் பிறகு கருப்பட்டிப் பணியாரம். மாலையில் கருப்பட்டிப் பானகம். உடம்பு தளர்ந்தால் அதற்கும் கருப்பட்டியும் சுக்கும். அவருக்கு நல்லது என்று எல்லாரும் மனதார நம்பிச் செய்தார்கள். அடுத்த பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அதற்கடுத்த முறையும் ஏறியது. மாத்திரை மாதக்கணக்கில் கப்பலில் கிடந்து வீரியம் போய்விட்டது என்று அப்துல் கனி தீர்ப்புச் சொன்னார். பிறகு பரிசோதனைக்குப் போவதையே விட்டுவிட்டார்.

சின்னச் சின்னதாக ஏதேதோ மாறத் தொடங்கியது. குளியலறைச் சாக்கடை ஓரத்தில் எறும்பு வரிசை கட்டியது. இர்பானா மண்ணெண்ணெய் ஊற்றினால் ஒரு நாள் மறையும், மறுநாள் அதே இடத்தில் வந்து நிற்கும். கடையிலிருந்து நடந்து வருகிறவர் பாதி வழியில் ஷேர் ஆட்டோ ஏற ஆரம்பித்தார். கால் மெத்தை மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்று ஒருநாள் சைனம்புவிடம் சொன்னது அடுப்படிக்குக் கேட்டது. மழைக்காலத்தில் ஒரு மாலை ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குள் வந்தார். இன்னொன்று எங்கே கழன்றது என்பது அவருக்குத் தெரியவில்லை. கழன்றதே தெரியவில்லை.

“செருப்பத் தொலச்சாச்சு. அடுத்து எதத் தொலைக்கிறதா இருக்கீங்க?” என்று சைனம்பு கேலி பேசினாள். அவரும் சிரித்தார். இர்பானா ஈரத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கொல்லையில் சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் தண்ணீரை அதில் பிடித்து வைப்பது இர்பானாவின் வேலை. ஐந்து வேளைத் தொழுகைக்கும் அப்துல் கனி அங்கேதான் ஒளுச் செய்வார். கை, வாய், முகம், தலை, கடைசியாகக் கால். இடது கைச் சுண்டுவிரலைக் கால்விரல் இடுக்குகளில் விட்டுக் கழுவுவார். துடைக்காமல் அப்படியே உள்ளே நடந்து வருவார். சிமெண்டுத் தரையில் ஈரத் தடங்கள் தொழுகை விரிப்பு வரைக்கும் போகும். இர்பானா அவற்றைத் தாண்டித்தான் அடுப்படிக்குப் போவாள்.

இந்த வருஷம் ஜூன் மாதம், ஒரு நாள் லுஹர் என்னும் நண்பகல் தொழுகை வேளையில், இடது காலின் தடங்களில் சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது. ஒன்றில் மட்டும் இல்லை, ஒவ்வொன்றிலும். வெற்றிலைச் சாறாக இருக்கும் என்று நினைத்துத் துணியால் ஒற்றிப் பார்த்தாள். ரத்தம்தான். அவரோ ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் தக்பீர் கட்டித் தொழுகையில் நின்றார். ஐந்து வேளை கழுவுகிற கால். ஐந்து வேளையும் அவர் விரல் அந்தப் புண் மேலேதான் போய் வந்திருக்கிறது. விரலுக்கும் தெரியவில்லை, காலுக்கும் தெரியவில்லை.

இரண்டு நாள் அவள் யாரிடமும் சொல்லவில்லை. மாமனாரின் காலைப் பற்றி எந்த வாயால் பேசுவது? மூன்றாம் நாள் அடுப்படியில் மாமியாரிடம் மெல்லச் சொன்னாள்.

சைனம்பு கரண்டியைக் கீழே வைத்தாள். “மாமாவோட காலப் பாத்துக்கிட்டா திரியிறே? வேற சோலி இல்லியா புள்ள ஒனக்கு?” என்றாள். மேட்டில் ஏறி இறங்குகிற காலில் கிளிஞ்சல் கிழிப்பது ஒரு அதிசயமா என்று மேலும் ஏதோ சொன்னாள். அன்று மாலை தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்து அவர் காலடியில் வைத்துவிட்டுப் போனாள். அதோடு தன் கடமை முடிந்தது என்று விட்டுவிட்டாள்.

இர்பானா முகம் வெந்துபோய் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் தடங்களைப் பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை. சிவப்பு ஒரு நாள் மங்கியது. ஆறிவிட்டது என்று நிம்மதியானாள். மறுநாள் அதே இடத்தில் மஞ்சளாக ஒன்று ஒட்டியிருந்தது. அதற்கடுத்த நாள் விரிப்பை வெயிலில் போட எடுத்தபோது நாற்றம் அடித்தது. இந்த வீட்டுக்குள் ஒருபோதும் நுழையாத பழைய மீனின் நாற்றம். பொட்டைப் பார்த்து அன்றோடு ஒன்பது நாள்.

அவள் விரிப்பைக் கொடியில் போட்டுவிட்டு நேரே பக்கத்து வீட்டுக்குப் போனாள். வைஜெயந்தி புரோத்ராபூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். அன்று வார விடுமுறை. இர்பானா வாசலிலேயே நின்று, “அக்கா, மாமா கால் அழுகுது. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க” என்றாள்.

வைஜெயந்தி அனுமதி கேட்டுக்கொண்டு வருகிறவள் இல்லை. பாய்க்குப் பிரஷர் பார்த்து நாளாச்சே என்று பேசிக்கொண்டே உள்ளே வந்து அவர் முன் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். காலை நீட்டச் சொன்னதும் அப்துல் கனி தயங்கினார். பிறகு நீட்டினார். சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் உப்பிக் கருத்திருந்தன. இடுக்கில் ஒரு கிளிஞ்சல் துண்டு, நகத்தளவு, சதைக்குள் போய்க் கிடந்தது. அவள் இடுக்கியால் அதைப் பிடித்து இழுத்தபோது சைனம்பு கண்ணை மூடிக்கொண்டாள். அவர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார், வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல.

கைவிரலில் குத்திப் பார்த்த சர்க்கரை மெஷின் நானூற்றுப் பன்னிரண்டு காட்டியது.

என்ன சாப்பிடுகிறார் என்று வைஜெயந்தி கேட்டாள். சைனம்பு வரிசையாகச் சொன்னாள். இந்த வீட்டில் சீனி வாசலைத் தாண்டியதே இல்லை என்று முடித்தாள். வைஜெயந்தியின் கண் அதற்குள் தேநீர்த் தம்ளரின் பக்கத்திலிருந்த கொட்டானுக்குப் போயிருந்தது.

“இது என்ன?”

“கருப்பட்டிம்மா. ஊருலேருந்து வர்றது. மருந்துல்ல அது.”

“அம்மா, கருப்பட்டியும் சுகர்தான். ரெண்டும் ரத்தத்துல ஒண்ணாத்தான் கலக்கும்.”

அப்துல் கனி கொட்டானைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். “டாக்டர் சாப் சீனின்னுதானே சொன்னாரு” என்றார், கடையில் கணக்குத் தப்பிப்போன வாடிக்கையாளரைப் போல. பிறகு அடுப்படி வாசல் பக்கம் திரும்பினார். “அன்னைக்கு நீயும் இருந்தியேம்மா. என்ன சொன்னாரு?”

பதினொரு வருஷத்தில் அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. இர்பானா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஆனால் தலையைக் குனியவில்லை.

“சீனின்னுதான் மாமா சொன்னாரு. கருப்பட்டியப் பத்தி நான் கேட்டிருக்கணும். எனக்கு அன்னைக்கே தோணுச்சு. வாய் வரல. கால்ல ரத்தத்தப் பாத்தும் ஒம்போது நாளாச்சு.”

சைனம்பு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். மருமகளைத் திட்டுவார் என்று வைஜெயந்திகூட நினைத்தாளாம். அவர் திட்டவில்லை. “எனக்கு நாலு வருஷமாச்சு” என்று மட்டும் சொன்னார். பிறகு ஆட்டோ கூப்பிடச் சொன்னார்.

மருத்துவமனையில் அன்றே சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு விரல்களையும் எடுத்தார்கள். முபாரக் கப்பலிலிருந்து இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய தாளில் இர்பானாதான் கையெழுத்துப் போட்டாள். எதை எடுக்கிறார்கள், எதுவரை வெட்டி நிறுத்துவார்கள், எடுத்த பிறகும் அழுகல் மேலே ஏறினால் என்ன என்று அரைகுறை இந்தியில் ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டுத்தான் போட்டாள். கடைசிக் கேள்விக்கு அங்கிருந்த டாக்டர் நேராகப் பதில் சொல்லவில்லை. தன் முழங்காலுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார்.

அப்துல் கனி வீடு திரும்பிய பிறகு உட்கார்ந்துதான் தொழுகிறார். கடையை அங்கே அவரோடு வேலை பார்த்த தமீம் பார்த்துக்கொள்கிறான். காலை, மாலை இரண்டு நேரமும் அவர் காலை நீட்டுகிறார், இர்பானா வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறாள்: அடி, ஓரம், இடுக்கு, குதிகால். முதல் வாரம் இரண்டு பேருக்குமே கூச்சமாக இருந்தது. இப்போது இல்லை. அவள் பார்த்ததை அவரிடமே சொல்கிறாள், ஒளிப்பதில்லை. வைஜெயந்தி கொடுத்த காகித அளவுகோலைக் காயத்தின் மேல் பிடித்துத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுகிறாள்.

இன்று ஆகஸ்ட் பதினெட்டு. சர்க்கரை நூற்று எழுபதுக்கு இறங்கியிருக்கிறது. காயம் மூடவில்லை. போன திங்கட்கிழமை மூன்று சென்டிமீட்டர், இன்று மூன்றரை. மூன்றாவது விரலின் நகம் நேற்றுக் காலையிலிருந்து நிறம் மாறியிருக்கிறது. சென்னைக்குப் போகச் சொல்லி டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். வியாழக்கிழமை விமானத்தில் இடம் கிடைத்திருக்கிறது, அவரோடு இர்பானா போகிறாள்.