அண்ணன் போட்ட கையெழுத்து

புல் வளர்ப்பதில் பணம் இருக்கிறது என்று நான் சொன்னபோது எங்கள் வீட்டில் முதலில் சிரித்தது அம்மாதான். “மாட்டுக்கா?” என்று கேட்டாள்.

மாட்டுக்கு இல்லை. அப்போது நான் ஒயிட்ஃபீல்டில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி வளாகத்தில் தோட்ட சூப்பர்வைசராக இருந்தேன். கோலார் பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பான ஸ்கெலட்டனில் இருந்து விடிவதற்குள் கிளம்பி, ரயிலில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே திரும்புவேன். அந்த வளாகத்துப் புல்தரையைப் பார்க்க மட்டும் வெளியிலிருந்து ஒரு பெங்களூர்க் கம்பெனி ஆட்கள் வருவார்கள். புல்தரைப் பராமரிப்பைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார்கள். வெட்டுவது, கோரை எடுப்பது, மண்ணைக் குத்திவிட்டு மணல் தூவுவது, உரம் போடுவது. அவர்களுடைய மேனேஜர் ஒரு நாள், ஊர் ஊராக ஃபிரான்சைஸ் கொடுக்கப் போவதாகச் சொன்னார். பெயர், மிஷின், பயிற்சி எல்லாம் கம்பெனியுடையது. ஏரியா மட்டும் நம்முடையது. அதற்குள் வேறு யாரையும் விடமாட்டார்கள். அதற்கு முன்பணம் கட்ட வேண்டும், மாதா மாதம் வருமானத்தில் ஒரு பங்கு ராயல்டியாகக் கொடுக்க வேண்டும்.

“உங்க ஊர்ப் பக்கம் யாராச்சும் இருந்தா சொல்லுங்க மேடம்” என்றார்.

நானே இருக்கிறேன் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில் இல்லை. பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் ஏறி, நரசாபுரத்து ஃபேக்டரிகள், கோலார் ரோட்டுக் காலேஜுகள், பேத்தமங்கலம் பக்கத்து ஃபார்ம் ஹவுஸ்கள், பங்காருப்பேட்டையில் புதிதாக வந்திருந்த புல்தரை வைத்த கல்யாண மண்டபங்கள் என்று எல்லாவற்றையும் சுற்றினேன். வாட்ச்மேன்களிடம் யார் வெட்டுகிறார்கள், எப்போது வெட்டுகிறார்கள் என்று விசாரித்தேன். தண்ணீர் இல்லாத இடங்களைக் கழித்தேன். மழைக்காலத்தில் பத்து நாளுக்கு ஒரு தரம் வெட்ட வேண்டும். கோடையில் வெட்டே கிடையாது. அந்த மாதங்களில் ஆட்களுக்குச் சம்பளம் எங்கிருந்து கொடுப்பது? வெட்டுக்கு இவ்வளவு என்று வாங்காமல், வருஷக் கான்ட்ராக்டாகப் பேசி மாதச் சம்பளம் போல வாங்கினால்தான் தொழில் தாக்குப்பிடிக்கும். இதைக் கண்டுபிடித்த ராத்திரி சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் சேமிப்பும் நகையும் முன்பணத்துக்குச் சரியாக இருந்தன. மிஷின்களுக்கும் வண்டிக்கும் கடன் வேண்டும். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பேங்குக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி தெலுங்குக்காரர், பொறுமையானவர். நான் எழுதிக் கொண்டுபோன திட்டத்தை முழுதும் படித்துவிட்டு, “சரியா யோசிச்சிருக்கீங்கம்மா. வீட்டுப் பத்திரம் இருக்கா?” என்றார்.

அங்கேதான் இடித்தது. நாங்கள் இருந்தது சுரங்கம் ஓடிய காலத்தில் அப்பாவுக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸ். நான் பிறந்தது அங்கே, அப்பா நெஞ்சடைத்து இருமி இருமிச் செத்தது அங்கே. பத்திரம் மட்டும் கிடையாது.

“அப்படீன்னா நல்ல சம்பளம் வாங்கறவங்க யாராவது ஜாமீன் கையெழுத்துப் போடணும்” என்றார் அதிகாரி. “கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?”

இருந்தார். என் அண்ணனுக்கு ஒரு அரசாங்கத் தொழிற்சாலையில் ஆபீஸ் உத்தியோகம். ராபர்ட்சன்பேட்டையில் மாடி வீடு. சுரங்கம் மூடியபோது அப்பாவுக்குக் கிடைத்த செட்டில்மென்ட் முழுவதும் அந்த வீட்டின் அஸ்திவாரத்தில் போயிற்று. உனக்குக் கல்யாணம் செய்துவைத்தோமே, அதுதான் உன் பங்கு என்று அம்மா சொல்லிவிட்டாள். மூன்று வருஷத்தில் அந்தக் கல்யாணம் முறிந்து நான் திரும்பி வந்தபோது, பங்கை நானே தொலைத்துவிட்டது போல ஆயிற்று.

அண்ணனிடம் போய் நின்றேன். முதலில் அவர் தலையைத் தூக்கவில்லை. “ஒரு புருசன வச்சிக் குடும்பம் நடத்தத் தெரில. உனுக்கு இன்னாத்துக்கு பிசினஸு?”

“திட்டத்த மட்டும் ஒரு தரம் பாருண்ணா. அப்பறம் வாணாம்னா வாணாம்னு சொல்லு.”

வாங்கிப் படித்தார். இரண்டாவது பக்கத்தில் டி.வி.யை நிறுத்தச் சொன்னார். அண்ணியைக் காபி போடச் சொன்னார். எந்த ஃபேக்டரியில் யாரைப் பார்க்க வேண்டும், கம்பெனி எவ்வளவு பங்கு எடுக்கும், கோடையை எப்படிச் சமாளிப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். என் வாழ்க்கையில் அவர் அவ்வளவு நேரம் என் பேச்சைக் கேட்டதில்லை. நானும் ஒளிக்காமல் சொன்னேன். மண்டபத்துக்காரர்களுடைய போன் நம்பர்களைக்கூடக் கொடுத்தேன்.

“ஃபைல் இங்க இருக்கட்டும். எனுக்குத் தெரிஞ்ச ஆடிட்டர் ஒருத்தர் கீறாரு, காட்டறேன்” என்றார். “கம்பெனிக்காரன் முழுநேர ஆளு வேணும்னு கேக்கறான் இல்ல? நீ வேலய எழுதிக் குடுத்துடு. கையெழுத்து நான் போடறேன்.”

திரும்பி நடந்து வரும்போது அழுகை வந்தது. அண்ணனைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்றுதான் அழுதேன்.

வேலையை எழுதிக் கொடுத்தேன். நோட்டீஸ் காலம் ஓடியது. கையெழுத்து மட்டும் வரவில்லை. ஆடிட்டர் ஊரில் இல்லை என்றார். ஆபீஸில் வேலை அதிகம் என்றார். சம்பளச் சீட்டு வரட்டும் என்றார். வளாகத்தில் என் கடைசி நாள் முடிந்து, வீட்டில் இருக்க ஆரம்பித்த வாரம் பெங்களூர் மேனேஜர் போன் செய்தார்.

“கங்க்ராஜுலேஷன்ஸ் மேடம். அக்ரிமென்ட் முடிஞ்சிருச்சு. உங்க பிரதர் நேர்ல வந்து சைன் பண்ணிட்டாரு. வீட்டுப் பத்திரம் இருந்ததால லோனும் சீக்கிரம் ஆயிருச்சாம். நீங்கதான் ஆபரேஷன்ஸ் பாக்கப் போறீங்கன்னு சொன்னாரு. யூனிஃபார்ம் டீ ஷர்ட் உங்களுக்கு மீடியமா, லார்ஜா?”

யார் பெயரில் அக்ரிமென்ட் என்று கேட்டேன். அண்ணி பெயரைச் சொன்னார். அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிற அண்ணன் ஜாமீன்தாராகக் கையெழுத்துப் போட்டிருந்தார். எனக்குத் தெரியாது என்பதை அவர் அப்போதுதான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். அவசரமாக, “சைஸ் வாட்ஸ்அப்ல அனுப்புங்க மேடம்” என்று வைத்துவிட்டார்.

அண்ணன் வீட்டுக்கு முன்னால் மிஷின்கள் வந்து இறங்கியிருந்தன. பச்சை பெயின்ட் அடித்த புல் வெட்டும் மிஷின்கள், அட்டைப் பெட்டி பிரிக்காத ஸ்பிரேயர்கள். உள்ளே புத்தர் படத்துக்கு மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, எல்லாருக்கும் கேசரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் எதிர்பார்க்காதது ஒன்றுதான். அம்மா புதுப்புடவை கட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். காலையில் டிஸ்பென்சரிக்குப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியவள்.

“இன்னாண்ணா இது?” என்றேன்.

அண்ணன் கூச்சப்படவே இல்லை. “உன் பேர்ல இருந்தா நாளைக்கு உன் புருசன் வந்து பங்கு கேப்பான். இன்னும் கோர்ட்ல எழுதி முடிக்கல இல்ல? நான் காப்பாத்தி வச்சிக்கீறேன். நீ மாசச் சம்பளம் வாங்கிக்கோ.”

“என் ஏரியாண்ணா அது. நான் அலஞ்சி பாத்த ஏரியா.”

“அலஞ்சதுக்கு பேங்க்கு கடன் குடுக்குமா?” என்றார் அண்ணி, கேசரித் தட்டை என் கையில் வைத்தபடி. குரலில் கோபம்கூட இல்லை.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். “வெளியாளா எடுத்துக்கினான்? உங்கண்ணன் தானே. அவன் நெழல்ல இருந்துக்கோ. தனியா இருக்கற பொம்பளைக்கு அதான் நல்லது.”

கேசரியை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். ஆனால் வேலை போய்விட்டது. பழைய இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். மாதம் முடிந்தபோது வீட்டில் அரிசியும் முடிந்திருந்தது. அண்ணன் அதுவரை ஒரு தடவைகூடப் போன் செய்யவில்லை. நான் வருவேன் என்று அவருக்குத் தெரியும். போனேன். லார்ஜ் சைஸ் டீ ஷர்ட் ஒன்றை அண்ணி எடுத்துக் கொடுத்தார்.

மிஷின்களை அவர்கள் வீட்டில் வைக்கவில்லை. பெட்ரோல் வாசனை டைல்ஸில் ஏறிவிடுமாம். எங்கள் குவார்ட்டர்ஸின் முன்னறையைக் கேட்டார்கள், அம்மா கொடுத்துவிட்டாள். அது நான் படுக்கிற அறை. என் பாயைச் சுவர் ஓரமாக நகர்த்திக்கொண்டேன். தலைமாட்டில் மிஷின்கள், கால்மாட்டில் பெட்ரோல் கேன். துணியிலும் தலைமயிரிலும் அந்த வாசனை தங்கிவிட்டது.

நான் திட்டம் போட்ட இடங்களுக்கே நான் வேலைக்காரியாகப் போனேன். ஒரு ஃபேக்டரியில், முன்பு ஞாயிற்றுக்கிழமை வந்து விசாரித்த என்னை வாட்ச்மேன் அடையாளம் கண்டு, “நீங்கதானே மேடம் ஓனரு?” என்று கேட்டார். அண்ணன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். “ஓனரா?” என்று சிரித்தார். “நம்ம லேபர்ப்பா அது.” ‘அது’ என்ற சொல்லை நான் ரொம்ப நாள் சுமந்துகொண்டு திரிந்தேன். தங்கச்சி என்று சொல்லியிருந்தால்கூட அவருக்கு எதுவும் குறைந்திருக்காது.

தொழில் நன்றாகவே நடந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. வருஷக் கான்ட்ராக்ட் என்ற யோசனை கோடையைத் தாங்கியது. அண்ணன் இரண்டாவது வண்டி வாங்கினார்.

பங்காருப்பேட்டை மண்டபத்தில் நடந்ததோடு நான் விலகினேன். அங்கே பெரிய இடத்துக் கல்யாணம் ஒன்று வந்தது. புல் இன்னும் பச்சையாகத் தெரிய வேண்டும் என்று மண்டபத்துக்காரர் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். நான் லீவில் இருந்த நாளில் அண்ணனே நின்று யூரியாவை அள்ளித் தூவச் செய்து, தண்ணீர் சரியாக விடாமல் போய்விட்டார். கல்யாணத்துக்கு முந்தின நாள் புல் வைக்கோல் நிறத்தில் கருகிக் கிடந்தது. மண்டபத்துக்காரர் எங்கள் எல்லாரையும் வரவழைத்தார்.

அண்ணன் கன்னடத்தில், தலையைத் தாழ்த்தி, மரியாதையாகப் பேசினார். “தப்பு எங்க ஆளோடதுதான் சார். இந்தப் பொம்பள. வீட்ல பிரச்சன, புருசன் விட்டுட்டுப் போனவ. புத்தி ஒரு நெலைல இருக்காது. பாவம்னு வேலைக்கு வச்சிருக்கேன்.”

எனக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். நானும் கன்னடத்திலேயே சொன்னேன்: “அன்னிக்கி நான் வரல சார். தூவச் சொன்னது இவரு.”

மண்டபத்துக்காரர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. அண்ணனிடம், “யார் பண்ணினா எனக்கென்ன? பச்சைக் கார்ப்பெட் வாடகைக்கு எடுத்துப் போடுங்க. அந்தச் செலவு உங்களோடது” என்றார். பிறகு என் பக்கம் கையை நீட்டி, “இந்த அம்மாவ இனிமே இங்க அனுப்பாதீங்க” என்றார்.

கார்ப்பெட் செலவை அண்ணன் என் சம்பளத்தில் பிடித்தார். நான் டீ ஷர்ட்டைத் துவைத்து, மடித்து, அண்ணியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். “நல்லாத் தொவச்சிக்கீற” என்றார். அடுத்த வாரமே அதைப் போட்டுக்கொண்டு ஒரு புதுப் பெண் வந்தாள்.

ஒயிட்ஃபீல்டில் வேறொரு வளாகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. சூப்பர்வைசர் இல்லை, காய்ந்த இலை பெருக்கி அள்ளுகிற வேலை. மறுபடியும் அதே ரயில். மிஷின்கள் மட்டும் என் அறையை விட்டுப் போகவில்லை. தினமும் விடியலில் அண்ணனுடைய ஆட்கள் வந்து கதவைத் தட்டுவார்கள். நான் பாயைச் சுருட்டி வழி விடுவேன். அவர்கள் என் அறைக்குள் நின்று மிஷினில் பெட்ரோல் ஊற்றி, ஸ்டார்ட் ஆகிறதா என்று இழுத்துப் பார்ப்பார்கள்.

மிஷினை எடுத்துக்கொண்டு போகச் சொல்லு என்று அம்மாவிடம் கேட்டேன். ஒரு தரம் இல்லை, பல தரம். ஒரு நாள் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: “மிசினு சம்பாதிக்குது. நீ இன்னா சம்பாதிக்கிற?”

பங்காருப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு அறை வாடகைக்குப் பார்த்தேன். சிமென்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை. போகிறேன் என்று சொன்ன அன்று அம்மா அழுவாள் என்று, இவ்வளவுக்குப் பிறகும், எனக்குள் ஒரு எண்ணம் இருந்தது.

“நீ போயிட்டா ராத்திரில மிசினுக்கு யாரு காவல்?” என்றாள்.

“உன் புள்ளயக் கேளு.”

“அவனுக்கு ஆயிரம் வேல.”

பையையும் பாயையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ஆட்டோக்காரர் பாயைப் பின்னால் கட்டினார். அம்மா எழுந்து கதவு வரைக்கும் வந்தாள். ஏதோ சொல்ல வருகிறாள் என்று நின்றேன்.

“பெட்ரோல் கேன மூடி வச்சியா, பாத்துட்டுப் போ” என்றாள்.

உள்ளே போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. மூடியிருக்கிறது என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.