சரோஜாம்மா கையில் தடவிய சுண்ணாம்பு

சரோஜாம்மாவின் கையைப் பார்த்ததும் டாக்டர் மேடம் அன்றைய ஊசியை நிறுத்தச் சொல்லிவிட்டார். முன்பு ஊசி போட்ட இடம் தோலுரிந்து வெந்து கிடந்தது. இன்ஃபெக்‌ஷன் என்றால் இனி ஊசியே கிடையாது என்றார்.

பிள்ளைகளே, நான் செகந்திராபாத் பக்கம் ஒரு கேன்சர் ஆஸ்பத்திரியில் அட்டெண்டர். மருந்துப் பெட்டி எடுத்து வருவேன், பேஷண்ட்டுகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன், தெலுங்கு டாக்டர் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்வேன். அந்த ஊசியில் இருப்பது சூட்டில் கொன்ற கிருமி. அதனால் நோய் வராது. ஆனால் அது செத்தது என்று உடம்புக்குத் தெரியாது. யாரோ புகுந்துவிட்டான் என்று உடம்பின் காவல்காரர்கள் எழுந்து ஓடிவருவார்கள். கேன்சர் நம் உடம்பிலேயே முளைப்பதால், சொந்தக்காரன் என்று அதைச் சும்மா விட்டுவிடுவார்கள். எழுந்த வேகத்தில் அதையும் பிடித்து அடிக்கமாட்டார்களா என்பதுதான் டாக்டர்களின் எண்ணம். கீமோவோடு சேர்த்துச் சோதனையாகக் கொடுத்துவந்தார்கள்.

ஊசி போட்ட இடம் சிலருக்குப் புண்ணாகி ஆறும். வெயிட்டிங் ஹாலில் எப்போதும் அந்தப் பேச்சுதான். திருமுல்கேரியில் ஆட்டோ ஓட்டும் யாதகிரி சட்டைக் கையை மடித்து, சரோஜாம்மாவிடம் அரைகுறைத் தமிழில் ஆரம்பிப்பார்.

"பாருங்கம்மா, நம்ம கையில ஸ்பீட் பிரேக்கர்! உங்களுது என்ன, புது ரோடு மாதிரி இருக்கு?"

எல்லோரும் சிரிப்பார்கள். ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வரும் சரோஜாம்மா மட்டும் சிரிக்கமாட்டார்.

டிரெஸ்ஸிங் ரூமில் தனியாகக் கேட்டேன். "என்னம்மா பண்ணீங்க?"

"டாக்டரம்மாகிட்ட சொல்லிடாத தம்பி. வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்புதான். எல்லாருக்கும் பழுக்குது, எனக்கு மட்டும் ஒண்ணுமே இல்ல. மருந்து ஏறலன்னு நிறுத்திட்டாங்கன்னா?"

"இப்ப சொல்லலன்னாதான் நிறுத்துவாங்க."

"நக்கோப்பா, வேணாம், திட்டுவாங்க."

"திட்டட்டும். நானும் கூட நிக்கிறேன், சேர்ந்து வாங்கிக்கலாம்."

சொன்னோம். மேடம் திட்டவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு தெலுங்கில் சொன்னதை நான் தமிழாக்கினேன்: "புண்ணை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. ஸ்கேன் பார்த்தாதான் தெரியும்." வெந்த இடம் ஆறியபின் மறுகையில் ஊசியைத் தொடர்ந்தார்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது. சரோஜாம்மாவுக்குக் கட்டி வளரவில்லை. யாதகிரிக்கு வளர்ந்திருந்தது. அவருக்கு அந்த ஊசியை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்றினார்கள்.

ஹாலில் யாதகிரி கேட்டார். "ஏமம்மா, உங்களுக்கு என்ன வந்துச்சு?"

சரோஜாம்மா ரிப்போர்ட்டை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "அது கிடக்குதுப்பா. நீ காலையில ஏதாச்சும் சாப்பிட்டியா?" டிபன் பாக்ஸைத் திறந்து இட்லியை அவர் பக்கம் நகர்த்தினார்.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது இதுதான். பயம் வந்தால் டாக்டரிடம் நேராகக் கேட்டுவிட வேண்டும். அடுத்தவர் கையைப் பார்த்து நம் உடம்பை எடை போடக்கூடாது. நமக்கு நல்ல சேதி வந்த அன்று, பக்கத்தில் இருப்பவருக்கு என்ன சேதி வந்தது என்று பார்த்துவிட்டுத்தான் சந்தோஷப்பட வேண்டும்.