அண்ணனுக்குக் கொடுக்காத வில்

என் தாய்மாமனை நான் மனதாரத் திட்டிய காலம் ஒன்று உண்டு. எனக்கு அப்போது பத்து வயது. திரியாயில் ஷெல் விழத் தொடங்கியதும் அம்மா, அண்ணன், மாமா, நான் என்று நால்வரும் காட்டுக்குள் ஓடிப்போனோம். கொண்டுபோன அரிசி தீர்ந்துகொண்டு வந்தது. காட்டில் முயலுக்குக் குறைவில்லை. ஆனால் துவக்கு வெடித்தால் சத்தம் ஆமியைக் கூட்டிவந்துவிடும். வில்தான் வழி என்று மாமா முடிவு செய்தார்.

மாமா பட்டினத்தில், ஓர்ஸ் ஹில்லில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர். மூக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்கும் மாடும் அவருக்குத் தெரியாது. அவர் மூன்று வில் செய்தார். புளியங்கம்பு இரண்டாம் நாளே வளைந்தபடி நின்றுவிட்டது. ஆளுயர மூங்கில் வில் பற்றைக்குள் கொப்புகளில் மாட்டியது. கமுகஞ் சிலாகையில் சீவி, மீன்வலை நைலோனை நாணாகக் கட்டிய குட்டை வில்தான் சரி என்று சொன்னவன் பதினாலு வயது அண்ணன். நேரான விண்ணாங்குத் தடிகளை அம்புக்குப் பொறுக்கி, குடைக்கம்பியைத் தீட்டி முனையில் செருகியவனும் அவனே. ஒரேயொரு தடவை இழுத்து விட்டான். சொன்ன மரத்தில் சொன்ன இடத்திலேயே அம்பு குத்தி நின்றது.

மாமா வில்லைப் பிடுங்கிக்கொண்டார். "இனி நீ இதைத் தொடக்கூடாது. கதை முடிஞ்சுது."

அன்றிலிருந்து மாமாதான் வேட்டைக்காரர். விடியப் போவார், வெயில் ஏற வெறுங்கையோடு வருவார். முயல்கள் அவரைக் கண்டு ஓடுவதையே விட்டுவிட்டன என்றான் அண்ணன். அம்மா கஞ்சியில் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குறி தெரிந்தவன் சும்மா இருக்க, தெரியாதவர் பழகி முடியும்வரை நாங்கள் வயிற்றைக் கட்ட வேண்டுமா? இது எந்த ஊர் நியாயம்?

ஒருநாள் முகத்துக்கு நேரேயே கேட்டுவிட்டேன். "உங்களுக்கு ஏலாதெண்டால் அண்ணாட்டைக் குடுங்கோவன். உங்கட பெருமைக்கு நாங்கள் பட்டினி கிடக்கிறதோ?"

"ஓம் பிள்ளை, எனக்கு ஏலாதுதான்," என்றார் மாமா. "ஆனால் குடுக்கமாட்டன்."

அம்மா என் வாயைத்தான் பொத்தினாள். அதுவும் அநியாயமாகவே பட்டது. இரண்டு மாதம் இழுத்து இழுத்து மாமா அடித்தது மூன்றே முயல். தின்றேன், ஆனால் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நிலைமை அடங்கியதாகக் கேள்விப்பட்டதும் வில்லை எரித்துவிட்டுப் பட்டினத்துக்குப் புறப்பட்டோம். வழியில் சோதனைச் சாவடி. அங்கே நின்ற சிப்பாய் ஆண்களின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அண்ணனின் விரல்களைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். மாமாவின் விரல்களில் நாண் இழுத்த இடமெல்லாம் காய்த்துப்போயிருந்தது.

"துவக்குப் பழகினதா?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டான்.

"வில்லு. முயல் அடிக்க," என்றார் மாமா.

சிப்பாய் சிரித்துவிட்டு அவரை ஒரு பக்கமாக நிற்கச் சொன்னான். அம்மா எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு நடந்தாள். மாமாவை நாங்கள் கண்டது அதுவே கடைசி.

எனக்கோ அப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை. நல்லாய் வேணும், அன்றைக்கே வில்லை அண்ணனிடம் கொடுத்திருந்தால் இவர் இப்படி நிற்க வேண்டி வந்திருக்காதே என்று நினைத்துக்கொண்டே, அண்ணனின் கையைப் பிடித்தபடி நடந்தேன்.