கொரியாவில் நடந்ததாக நான் எழுதியது

என் முதல் புத்தகம் குழந்தைகளுக்கானது. சில நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கொரியாவில், ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் நடக்கும் கதை. கொரியாவை நான் பார்த்ததில்லை, இன்றுவரை பார்க்கவில்லை. அப்போது மன்னார்குடியில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். நூலகத்தில் ஆசிய நாடுகளின் சரித்திரம் பற்றித் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அதில் ஒரு பழைய ஓவியம். குடியானவர்கள் வியர்க்க வியர்க்கக் கதிரடிக்கிறார்கள். பக்கத்தில் கறுப்புத் தொப்பி வைத்த ஒருவர் பாயில் சாய்ந்து, நீளமான குழலில் புகை பிடித்தபடி அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தொப்பியை எடுத்துவிட்டுத் தோளில் ஒரு துண்டைப் போட்டால் அவர் என் அப்பா.

அந்த நாட்டில் நிலத்தைப் போலவே ஆட்களும் தகப்பனிடமிருந்து மகனுக்குச் சொத்தாகப் போனார்கள் என்று அடுத்த பக்கத்தில் எழுதியிருந்தது. அதைப் படித்த அன்றே நோட்டை எடுத்துவிட்டேன்.

தினமும் ஓர் அத்தியாயம் எழுதி, கடைசிப் பாடவேளையில் ஆறாம் வகுப்புக்குப் படித்துக் காட்டுவேன். அடுப்புப் புகையைத் தரைக்கடியில் ஓடவிட்டு வீட்டைச் சூடாக்குவார்கள், கதவுகளில் காகிதம் ஒட்டியிருக்கும் என்றெல்லாம் சொன்னபோது பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். பனியைச் சொல்லத்தான் சிரமப்பட்டேன். இலவம்பஞ்சு மாதிரி விழும் என்றேன். "அப்ப நாத்து அழுகிடாதா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். எனக்கும் அது தெரியாது. மறுநாள் நூலகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் அவனுக்குப் பதில் சொன்னேன்.

கதை இதுதான். எஜமான் வீட்டில் ஒரு பெண். அடிமைக் குடும்பத்தில் ஒரு பெண். இருவருக்கும் பன்னிரண்டு வயது, உயிர்த் தோழிகள். அடிமைப் பெண்ணின் தகப்பன் எஜமானை எதிர்த்துப் பேசிவிட்டு ஓடிப்போய், ஜாடிகள் சுடுகிற சூளைக்குள் ஒளிந்துகொள்கிறான். அவள் அழுதுகொண்டே அந்த இடத்தைத் தோழியிடம் சொல்லிவிடுகிறாள். எஜமான் தன் மகளைக் கூப்பிட்டுக் கேட்கிறார். அவள் தகப்பன் முகத்தைப் பார்த்து, "எனக்குத் தெரியாது" என்கிறாள். அன்றே உறைந்துபோன ஆற்றைக் கடந்து அவன் தப்பிக்க அவளே வழி செய்கிறாள்.

குழந்தைகள் பத்திரிகை ஒன்று அதைத் தொடராக வெளியிட்டது. பிறகு அவர்களே புத்தகமாகவும் போட்டார்கள். பள்ளி ஆண்டுவிழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். "ஏம்மா கொரியா?" என்று தலைமையாசிரியர் கேட்டார். பிள்ளைகளுக்கு உலகம் தெரியட்டும் என்று என்னவோ சொல்லிவைத்தேன். அது பொய். தூரத்து ஊர் என்பதால்தான் எனக்குத் தைரியம் வந்தது.

எனக்குப் பன்னிரண்டு வயதில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குக் கிழக்கே, பாமணி ஆற்றை ஒட்டி இருந்தது. ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. கூலி கூட்டிக் கேட்கிற சத்தம் ஊருக்கு ஊர் இருந்தது. சிவப்புக் கொடி ஒரு தெருவில், கறுப்பு சிவப்புக் கொடி இன்னொரு தெருவில். அப்பாவுக்கு ஆற்றுப் பாசனத்தில் நிறைய நிலம். எங்கள் வயலில் வேலை செய்தவர்களில் ஒருவர்தான் என் தோழியின் அப்பா. அவர் முன்பெல்லாம் என் அப்பாவை "ஆண்டை" என்று கூப்பிடுவார். சங்கத்தில் சேர்ந்த பிறகு "ஐயா" என்று சொல்ல ஆரம்பித்தார். நெல் கேட்டதைவிட அந்த ஒரு சொல்தான் அப்பாவை அதிகம் குடைந்தது என்று நினைக்கிறேன்.

தோழியும் நானும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. பள்ளிக்கூடத்தில் ஒன்றாகச் சாப்பிடுவோம். சாயந்திரம் ஆற்றுப்பாலம் வரை ஒன்றாக வருவோம். பாலத்தில் அவள் இடப்பக்கம் திரும்புவாள், நான் வலப்பக்கம். அவள் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. நான் அவள் வீட்டுக்குப் போனதில்லை. ஏன் என்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை.

அந்தத் தை மாதம் அறுவடைக்கு ஆள் இறங்கவில்லை. கூலியில் அரை மரக்கால் கூட்டித் தந்தால்தான் அரிவாளை எடுப்போம் என்றார்கள். அப்பாவும் மற்ற மிராசுதார்களும் வெளியூரிலிருந்து லாரியில் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அவள் அப்பாவும் இன்னும் பத்துப் பேரும் வரப்பில் குறுக்கே நின்றார்கள். கைகலப்பாகிப் போலீஸ் வந்தது. மற்றவர்கள் பிடிபட்டார்கள். அவர் மட்டும் அகப்படவில்லை. நான்கு நாளாக அப்பாவின் ஆட்கள் சைக்கிளில் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

ஐந்தாம் நாள் பாலத்தில் அவள் என் காதோரம் சொன்னாள்.

"அப்பா பழைய செங்கச் சூளையில இருக்காருடி. அம்மா கூடைக்கடியில வச்சு கஞ்சி கொண்டு போகுது. யாருகிட்டயும் சொல்லிடாத."

"சத்தியமா சொல்ல மாட்டேன்."

மறுநாள் பள்ளிக்கூடம் கிடையாது. மத்தியானம் அப்பா சாப்பிட உட்கார்ந்தார். அந்த நான்கைந்து நாளும் அவர் யாருடனும் முகங்கொடுத்துப் பேசவில்லை. நான் மோர் கொண்டுபோய் வைத்தேன். அம்மாவிடம், "பூமிக்குள்ள பூந்துட்டானா, என்ன?" என்றார்.

யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் என்னைக் கேட்கக்கூட இல்லை. அப்பாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்ற பெருமை தொண்டைவரை வந்து நின்றது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

"செங்கச் சூளையில இருக்காருப்பா" என்றேன்.

அப்பா திரும்பிப் பார்த்தார். "யாரு சொன்னா?" என்று கேட்கவில்லை. மோர்ச் சோற்றை நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, என் தலையில் ஒரு முறை கையை வைத்துவிட்டுப் போனார்.

அவர் பிடிபட்டது சாயந்திரத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. போலீஸில் ஒப்படைப்பதற்கு முன்னால் அவரைச் சூளையிலேயே வைத்து அடித்தார்கள். வலது கையைச் செங்கல் மேல் வைத்து நசுக்கினார்கள். அப்பா அடிக்கவில்லை, பக்கத்தில் நின்றார் என்று அம்மா என்னைத் தேற்றினாள். தோழியின் அப்பாவுக்குக் கை எலும்பு பிறகு கூடவே இல்லை. அரிவாள் பிடிக்க முடியாமல் போயிற்று.

திங்கட்கிழமை பெஞ்சில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அந்த மாதமே அவர்கள் பேராவூரணிப் பக்கம், அவள் அம்மா பிறந்த ஊருக்குப் போய்விட்டார்கள். அங்கே தென்னந்தோப்பில் காவல் வேலை கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நன்றாகப் படித்தேன். டீச்சரானேன். கொரியாவைப் பற்றி எழுதினேன்.

புத்தகம் வந்த மறுவருஷம், ஒரு நாள் மத்தியானம் பியூன் வந்து, பார்க்க யாரோ வந்திருப்பதாகச் சொன்னார். வேப்பமரத்தடியில் ஒரு பெண் நின்றிருந்தாள். பஸ்ஸில் வந்த அலுப்பு முகத்தில் தெரிந்தது. கையில் என் புத்தகம். எனக்கு அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"வணக்கங்க டீச்சர். பேராவூரணிப் பக்கம் பால்வாடியில வேலை பாக்குறேன். எம்பொண்ணு அஞ்சாவது படிக்குது. பள்ளிக்கூடத்துல இத பரிசாக் குடுத்தாங்க. பின்னாடி ஒங்க பேரும் நம்ம ஊரு பேரும் போட்டிருந்துச்சு."

"உள்ள வாயேன். டீ சாப்பிடலாம்."

"இல்லீங்க. பஸ்ஸ புடிக்கணும்." புத்தகத்தைப் புரட்டினாள். "கொரியா எங்கங்க இருக்கு?"

"ஜப்பான் பக்கத்துல."

"அந்த ஊருப் பொண்ணுங்க அப்பன்கிட்ட பொய் சொல்லுவாங்க போலருக்கு. நம்ம ஊருலதான் உண்மையச் சொல்லிடுவாங்க."

மரத்தைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். அதன் பிறகு அவள் என்னிடம் 'ங்க' போட்டுப் பேசவில்லை.

"அதுக்கு நான் வரல. எம்பொண்ணு இத நாலு தடவ படிச்சிட்டா. விளையாடுறப்பகூட, நாந்தான் அந்த எஜமான் வூட்டுப் பொண்ணுங்குறா. அந்தப் பொண்ணு மாதிரி ஆவணுமாம். ஏண்டி, நம்ம ஆளு மாதிரி இருக்குற இன்னொரு பொண்ணு இருக்காளேன்னேன். அவ அழுதுகிட்டேதான இருக்கா, அவளா ஆகி என்ன பண்றதுங்குறா. எனக்குத் தாங்கல."

அவள் சொன்னது சரி. என் கதையில் அடிமைப் பெண்ணுக்கு அழுகையைத் தவிர வேறு வேலையே வைக்கவில்லை. அவள் தகப்பன் முழுக் கதையிலும் இரண்டே வாக்கியம் பேசுகிறான். இரண்டும் நன்றி சொல்கிற வாக்கியங்கள்.

"அப்பா ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் என்னயக் கேட்டாரு" என்றாள். "சூளையப் பத்தி யாருகிட்டடி சொன்னேன்னு. யாருகிட்டயும் சொல்லலப்பான்னேன். அம்மாவ சந்தேகப்பட்டாங்க. கஞ்சி கொண்டு போறப்ப யாரோ பாத்துட்டாங்க, ஒன்னாலதான் எல்லாம்னு ஆயா வூட்டுல எல்லாருமா சேந்து அம்மாவப் பேசுனாங்க. செத்துப்போற வரைக்கும் அதத் தாங்கிகிட்டுத்தான் இருந்துச்சு. நான் வாயத் தொறக்கல."

"எனக்காகவா?"

"ஒனக்காகன்னு நெனைச்சுக்காத. நாந்தான் ஒங்கிட்ட சொன்னேன்னு தெரிஞ்சா என்னய வெட்டிப்போட்டுடுவாங்கன்னு பயம். அவ்வளவுதான்."

புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். வாசல் கேட் அருகே திரும்பி, "அப்பா இருக்காரு. எடது கையாலயே தேங்கா உரிக்கிறாரு. அவருக்குப் படிக்கத் தெரியாது. அது ஒனக்கு நல்லதுதான்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அப்பாவுக்கு அப்போது நடை தளர்ந்துவிட்டது. நிலத்தில் பாதியை உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து சொந்தக்காரர்கள் பேரில் எழுதி, அதில் பாதி திரும்பி வராமலே போயிருந்தது. செங்கல் சூளையில் என்ன நடந்தது என்று கேட்டேன். வாழ்க்கையில் முதல் முறையாகக் கேட்டேன்.

"அதெல்லாம் அந்தக் காலம்" என்றார். "நீதான சொன்ன?"

சாயந்திர பஸ்ஸிலேயே மன்னார்குடிக்குத் திரும்பினேன்.

இரண்டு மாதம் உட்கார்ந்து கதையின் பின்பாதியைத் திருத்தி எழுதினேன். இந்த முறை எஜமான் மகள் சொல்லிவிடுகிறாள். யாரும் கேட்காமலே சொல்லிவிடுகிறாள். தோழியின் தாய் மேல் பழி விழுகிறது. இரண்டாம் பதிப்புக்கு இதைப் போடுங்கள் என்று பத்திரிகை அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். ஆசிரியர் பொறுமையாகப் படித்தார்.

"குழந்தைங்க படிக்கிறதும்மா. கதாநாயகியே காட்டிக்குடுத்தா அவங்க யாரப் பாத்துக் கத்துப்பாங்க? பழசு நல்லாத்தான போகுது?"

"அவ கதாநாயகி இல்லீங்க."

"பின்ன யாரு?"

"அந்த இன்னொரு பொண்ணு."

அவர் தாள்களை ஒழுங்காக அடுக்கி என்னிடமே கொடுத்துவிட்டார். பழைய கதையே இரண்டாம் பதிப்பாகவும் வந்தது. வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புத்தகம் இல்லாமல் போய்விடுமோ என்று பயந்தேன்.

கோடை விடுமுறையில் கைப்பிரதியை எடுத்துக்கொண்டு பேராவூரணிக்குப் பஸ் ஏறினேன். விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் தென்னமட்டைக் குவியல். அதன் பக்கத்தில் ஒரு பெரியவர், வலது கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் காய்ந்துபோயிருந்தன. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"யாரும்மா?"

நான் யார் மகள் என்பதைச் சொன்னேன். ஊர்ப் பேரையும் சொன்னேன். அவர் காலால் ஒரு மட்டையை ஓரமாகத் தள்ளினார். பிறகு, "அப்பா சௌக்கியமா இருக்காங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கோபம் இருந்ததா, மரியாதை இருந்ததா, எனக்குப் பிடிபடவில்லை.

தோழி வெளியே வந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. கைப்பிரதியை வாங்கி நின்றபடியே படித்தாள். அவள் மகள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். பாதி படித்ததும் தோழி நிறுத்தினாள். தகப்பனைப் பிடிக்க வரும்போது அவன் ஒரு வார்த்தையும் பேசாமல் தலைகுனிந்து வெளியே வருவதாக நான் எழுதியிருந்த இடம் அது.

"அப்பா அப்புடி வரல" என்றாள். "அன்னிக்கு எல்லாருக்கும் கேக்குற மாதிரி கத்துனாரு. அது ஒனக்குத் தெரியாது. ஒனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க."

"என்ன சொன்னாரு?"

அவள் தகப்பனைப் பார்த்தாள். அவர் மட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத ஒனக்குச் சொல்றதா வேணாமான்னு நான் யோசிக்கணும்" என்றாள். "இத வச்சுட்டுப் போ. படிச்சிட்டுச் சொல்றேன்."

கைப்பிரதியை அவளிடமே விட்டுவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். வேறு பிரதி நான் எடுத்து வைத்திருக்கவில்லை. வருஷம் பல ஆகிவிட்டது. அவள் இன்னும் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தக் கதையை அதற்குப் பிறகு எந்த வகுப்பிலும் நான் படித்துக் காட்டவில்லை.